கயிற்றுக்குக் கீழே இருந்த பாறை

கண்ணுகளா, நம் கிணற்றில் நடுவில் மட்டும் ஏன் அவ்வளவு ஆழம் என்று கேட்டீர்கள். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தெரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன்.

அந்தக் கிணறு எனக்கும் என் அண்ணனுக்கும், அதாவது உங்கள் பெரியப்பாவுக்கும், பொது. ஒரு நாள் அவர் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார், மறுநாள் நான். போன எலெக்‌ஷன் சமயத்தில் நான் சுயராஜ்யம் கேட்ட கதர்க் கட்சி, அவர் வெள்ளைக்காரத் துரைமார் ஆட்சியில் பதவியில் இருந்த மந்திரிமார் கட்சி. சந்தைப்பேட்டைக் கூட்டத்தில் அவர் மேடையில் இருந்தபோது நான் எழுந்து, "துரைக்குக் குடை பிடிக்கிறவங்களுக்கு நம்ம ஓட்டு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். கூட்டமே சிரித்தது. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அந்தத் தை மாதம் கிணறு வற்றியது. இருவர் பருத்தியும் பூவும் பிஞ்சுமாக நின்றது. பத்து நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் வருஷத்து வெள்ளாமை போய்விடும். சேர்ந்து தோண்டலாம் என்றால் பேச வேண்டுமே. அண்ணன் கிணற்றின் அடியில் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டார். கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எனக்கு. நான் ஒரு முழம் தோண்டினால் அவர் பக்கத்து ஊற்று என் குழிக்கு வடியும். மறுநாள் அவர் ஒன்றரை முழம் தோண்டுவார், அது திரும்பிப் போகும். நாலு நாள் இப்படி அதே தண்ணீரை ஆளுக்கு ஆள் பறித்துக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர்கள் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள், கயிற்றுக்கு நேர் கீழே பாறை தட்டியது. பாறைக்கு வெடி வைக்கும் வேட்டுக்காரருக்கு நான் ஆள் அனுப்பினேன். அண்ணனும் அனுப்பியிருக்கிறார், அதே வேட்டுக்காரருக்கு. வேட்டுக்காரர் இறங்கிப் பார்த்தார்.

"நட்ட நடுவுல துளை போட்டாத்தானுங்க பிளக்கும். அரைப் பாறைக்கு வேட்டு வெக்க எனக்குத் தெரியாதுங்க. என் கூட்டாளி வேற காய்ச்சல்ல படுத்துட்டான். கம்பி பிடிக்க ஒருத்தர், சம்மட்டி அடிக்க ஒருத்தர் வேணும்" என்றார்.

அடி தவறினால் கம்பி பிடித்தவர் கை போய்விடும். இரு பக்கத்துக் கூலி ஆட்களும் பின்வாங்கினார்கள். அண்ணன் கயிற்றை அவிழ்த்தார், பாறைமேல் குந்தினார், கம்பியைப் பிடித்தார். நான் சம்மட்டியை எடுத்தேன்.

"தம்பி, துரைக்குக் குடை பிடிச்ச கைன்னு நெனச்சு அடிச்சுப் போடாதே" என்றார். இரண்டு மாதத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"நெனப்பு எப்படி இருந்தாலும் அடி கம்பி மேலதானுங்கண்ணா விழும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதே, கம்பி ஆடுது" என்றார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். மதியம் வரை அடித்தேன். ஒரு அடிகூடத் தவறவில்லை. அதற்கு முன்போ பின்போ நான் அவ்வளவு கவனமாக ஒரு வேலை செய்ததில்லை.

எல்லோரும் மேலே ஏறியதும் வேட்டுக்காரர் திரி வைத்தார். புகை அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். பாறை இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. பொழுது சாய்வதற்குள் இடுப்பளவு நின்றது. அண்ணன் வேட்டியோடு இறங்கி, பின்னாலேயே இறங்கிய என் கதர்ச் சட்டைமேல் தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

"வரப்புல நின்னு எவ்வளவு வேணும்னாலும் கட்சி பேசு. கெணத்துக்குள்ள பேசாதே" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம்.

ஓட்டுப் போட ஒரே வண்டியில் போனோம், அவர் மாடு ஒன்று, என் மாடு ஒன்று பூட்டி. நான் எங்கள் கட்சியின் மஞ்சள் பெட்டியில் போட்டேன். அவர் போட்டது வேறு பெட்டி. எங்கள் கட்சி ஜெயித்த சேதி வந்த காலையில், எங்கள் இருவர் காடுகளிலும் பருத்தி வெள்ளையாக வெடித்திருந்தது. அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷம். இன்னைக்குக் கவலை ஓட்டறது என் முறை, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

நானே போய் அவருக்கு மாடு பூட்டிக் கொடுத்தேன்.