மத்தியானத்துக்கு மேல வாங்க

லாண்டரி அக்காவுக்குக் காலையில் கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும். படுத்தபடியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் கொடியில் ஒரு கைக்குட்டையைக்கூடப் போடமாட்டாள். உச்சி வெயில் சாயும் நேரத்தில் காற்று திரும்பும். சதுப்பைக் கடந்து, கோரைப்புல்லைத் தடவிக்கொண்டு, குளுமையாக வீட்டுக்குள் நுழையும். அதன் பிறகுதான் பின்கட்டுக் கொட்டகையின் இரண்டு மெஷின்களிலிருந்தும் ஈரத்துணி வெளியே வரும். சதுப்போரத்துத் திடலில் கட்டிய கொடிகளில், ரயிலடி லாட்ஜின் படுக்கை விரிப்புகள் வெள்ளைவெளேரென்று வரிசையாக ஆடும்.

சில நாள் காற்று ஏமாற்றிவிடும். துணி பாதி காய்ந்திருக்கையில் திரும்பி வந்து, அழுகின காய்கறியும் எரிந்த ரப்பரும் கலந்த அந்த வாடையை விரிப்பில் ஏற்றிவிட்டுப் போகும். அக்கா வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் உருவி மறுபடி மெஷினில் போடுவாள். லாட்ஜ்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவளுக்கு வேலை இருக்காது.

இதில் அவள் மட்டும் தனி இல்லை. தெருவுக்கே அப்படி ஒரு பழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. பெண் பார்க்க வருகிறவர்களானாலும், குழந்தை பார்க்க வருகிறவர்களானாலும், "மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். வந்தவர்களை, "இருட்டினா பஸ் கிடைக்காது" என்று பொழுது சாய்வதற்குள் கிளப்பியும் விடுவார்கள். அக்காவின் கணவர் ஒருவருக்குத்தான் இந்தக் கவலை கிடையாது. காருக்குப் பெயின்ட் அடித்து அடித்து அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கு" என்பார். "உங்க மூக்கைக் கொண்டுபோய் எந்தக் கடையில அடகு வெச்சீங்க?" என்பாள் அக்கா.

அந்தக் குப்பைமேடு நிரம்பிவிட்டது, இனி நகராட்சிக்காரர்கள் அதைச் சதுப்பின் கோரைப்பக்கம் நீட்டப் போகிறார்கள் என்று சேதி வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோரைப்பக்கம் என்றால் துணி காயும் திடலும் போச்சு, மத்தியானக் காற்றும் போச்சு. இரண்டு பக்கமும் குப்பை இருந்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பி என்ன? சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்துபோய்ச் சதுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். நாரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றுக்கு யார் சொல்வது?

எதிர்ப்பை முன்னால் நின்று நடத்தியது அவள் கொழுந்தன், எலக்ட்ரீஷியன். லாரிகளை மறித்தான், நாற்றத்தைப் பற்றி மனு எழுதிக் கையெழுத்து வாங்கினான், அலுவலகப் படிகளில் தெருவையே உட்கார வைத்தான். கடைசியில், "நேரில் வந்து பார்க்கிறோம்" என்று மேலிடம் இறங்கி வந்தது. அவன் எந்நேரமும் ஏணி மேல் இருப்பவன் என்பதால் அண்ணியின் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தான். போன் அவளுக்கு வந்தது.

"எப்ப வந்தா உங்களுக்கெல்லாம் சௌகரியம்?" என்றாள் அதிகாரியம்மா.

"மத்தியானத்துக்கு மேல வாங்கம்மா."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. தெருவுக்குச் சொன்னாள், தெருவும் தலையாட்டிவிட்டு வாசல் பெருக்கி, நாற்காலி துடைத்துப் போட்டது.

வியாழக்கிழமை வெயில் சாய அதிகாரியம்மா வந்து இறங்கினாள், கூடவே ஒரு இளம் இன்ஜினியர். சதுப்பிலிருந்து காற்று ஜிலுஜிலுவென்று வந்துகொண்டிருந்தது. தண்ணீர் மினுங்கியது. நாரைகள் ஒய்யாரமாகக் கழுத்தை வளைத்தன. குப்பைமேடு தூரத்தில் சாதாரணக் குன்றுபோல் நல்லபிள்ளையாக இருந்தது.

"எனக்கே இங்க ஒரு வீடு பார்க்கலாம்னு தோணுது" என்றாள் அதிகாரியம்மா. கேலியாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். அதுதான் கொடுமை. இன்ஜினியர் கொடியில் ஆடிய விரிப்புகளைப் போனில் படமெடுத்தான். "இவ்வளவு வெள்ளையா துணி காயுது, நாத்தம்னு எழுதியிருக்கீங்களே?"

அக்காவுக்கு அப்போதுதான் தான் சொன்ன நேரம் உறைத்தது.

கொழுந்தன் அவளை ஓரமாக இழுத்தான். "அண்ணி, இந்த நேரத்தை யார் குடுத்தது?"

"நான்தான் தம்பி."

"நல்லா குடுத்தீங்க போங்க! பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நெனச்சீங்களா?"

"அவளை மட்டும் ஏம்பா சொல்றே?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. "நாற்காலி தூக்கிட்டு வந்தது நீதானே. உனக்கு எங்க போச்சு புத்தி?"

அதிகாரியம்மா காரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆனால் திடலின் ஓரத்தில் லாட்ஜ் வேன் நின்றது. டிரைவர் அன்றைய துணியை எடுக்க வந்தவன், வேடிக்கை பார்த்தபடி கதவில் சாய்ந்திருந்தான். அவன் காதில் விழுந்தால் மேனேஜர் காதில் விழுந்த மாதிரி. அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள், அவிழ்த்தாள், மறுபடி செருகினாள். கார்க் கதவு திறந்தது.

"அம்மா, நில்லுங்க!" ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களைத் தப்பான நேரத்துக்கு வரச் சொல்லிட்டேன். இது எங்க நல்ல நேரம். விருந்தாளிங்களை இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவோம். வெட்கக்கேடு, வேற என்ன? காலைல இங்க மூச்சு விட முடியாது. இந்தத் துணியிலயே வாடை ஏறிடும். ஏறினா திரும்பத் துவைப்பேன், யாருக்கும் தெரியாம."

வேன் டிரைவர் நிமிர்ந்து நின்றான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என் பொண்ணைப் பார்க்க வந்தவங்களையும் இப்படித்தான் கூப்பிட்டேன்" என்றாள் தையல்காரம்மா. "கல்யாணத்துக்கு அப்புறம் சம்பந்தியம்மா ஒரு நாள் காலைல வந்து நின்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் பேச்சு."

யாரோ சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. காரில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். "நாளைக்குக் காலைல வரேன். யாரும் எதையும் பெருக்க வேண்டாம்."

அன்றிரவு அக்கா தூங்கினாள் என்று சொல்ல முடியாது. விடிந்ததும் ஒரே ஒரு விரிப்பைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். அதிகாரியம்மா சொன்னபடி வந்துவிட்டாள். காற்றைத்தான் காணவில்லை. ஒரு இலை அசையவில்லை. வாழ்நாளெல்லாம் சபித்த நாற்றம் இன்றைக்கு வரவேண்டுமே என்று அவள் குப்பைமேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் வானத்தைப் பார்த்தான். இன்ஜினியர் போனைப் பார்த்தான்.

விரிப்பின் ஓரம் லேசாக அசைந்தது. அப்புறம் வந்தது பாருங்கள், மூட்டையை அவிழ்த்துக் கொட்டினமாதிரி! இன்ஜினியர் குமட்டிக்கொண்டு திரும்பினான். அதிகாரியம்மா மூக்கைப் பொத்தியபடி அங்கேயே நின்றாள், வெகுநேரம் நின்றாள். பிறகு விரிப்பின் நுனியை எடுத்து முகர்ந்துவிட்டுச் சட்டென்று விட்டாள்.

"கோரைப்பக்கம் கூடாதுன்னுதான் எழுதப் போறேன். மேல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

கார் தெருமுனையைத் தாண்டவில்லை, கடையில் போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர்.

"டிரைவர் சொல்றது நிஜமாம்மா?"

"நிஜம்தாங்க."

"வாடை அடிக்கிற துணியை என் ரூம்ல எப்படிம்மா விரிக்கறது?"

"வாடையோட ஒரு துணி அனுப்பியிருப்பேனா? மத்தியானத்துக்கு மேல காயப்போட்டதை மட்டும் அனுப்பறேன். பாதித் துணியாவது குடுங்க."

"பார்க்கலாம்மா. இன்னிக்கு வேன் வராது."

வைத்துவிட்டார். அவள் கொடியிலிருந்த விரிப்பை உருவி மெஷினில் திணித்து, சோப்புத் தூளைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினாள். அது சுற்றத் தொடங்கும்வரைகூட நிற்கவில்லை.

"தம்பி, கடைத்தெருவுல புதுசா ஒரு லாட்ஜ் திறந்திருக்காங்களே, முதலாளி யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒயரிங்கே நான்தான். அவர்கிட்டயும் இதையெல்லாம் சொல்லப் போறீங்களா?"

"பின்னே, டிரைவர் வந்து சொல்றவரைக்கும் காத்திருக்கணுமா? வண்டியை எடு. காத்து திரும்பறதுக்குள்ள வந்துடணும், மெஷின்ல துணி கிடக்கு."