நான் அழித்த பாறை

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லைத் தகராறு நடந்த ஆண்டுகளில், எல்லையோரச் சத்தியவேட்டுக்காரனான நான் பழவேற்காட்டுக் கடலில், ஒலியலைக் கருவியால் கடலடியை வரைபடமாக்கும் படகில் தற்காலிகப் பணியாளனாக இருந்தேன். கருவியின் காகிதத்தில் எழுந்த ஒரு கூம்பை மீன்கூட்டமென்று எண்ணி, வரைபடத்திலிருந்து அழித்துவிட்டேன்.

"மீனா? போன வாரம் என் வலைய துன்ன பாறை சார் அது!" என்றார், அதைக் கேள்விப்பட்ட படகோட்டி. ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கினோம்; மூன்று ஆள் ஆழத்திலேயே தட்டியது.

பாறை இல்லாமலேயே படம் முடிந்துவிட்டது, கையெழுத்திடு என்றார் படகிலிருந்த அதிகாரி. மறுத்தேன்.

"உங்க ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் முடிவாகல. நீ கடலடிய முடிவு பண்றியா?" என்று ஏளனம் செய்தார்.

"ஊரு எங்க போனாலும் பாறை அங்கயேதான் இருக்கும் சார். படகு மோதும், ஆளு சாவான்."

வேலை போகுமென்றார். பாறையை மையால் வரைந்த பிறகே கரையிறங்கினேன். வேலை போனதற்கு நான் வருந்தியதில்லை. யாரையும் கேட்காமல் அதை அழித்ததற்குத்தான் இன்றும் வருந்துகிறேன்.