அனுப்புநர் விலாசம்

உருகிய அரக்கின் வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் சொல்கிற பேச்சா இது என்று கேட்பவர்கள் உண்டு. அரக்கின் மேல் தவறில்லை. அந்த வாசனை வந்தால் கூடவே ஒரு ரூல் தடியும் கண் முன்னால் வந்துவிடுகிறது. எங்கள் போஸ்ட் மாஸ்டருடைய கறுப்பு உருட்டு ரூல் தடி. அதைக் கொண்டு அவர் கோடு போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. சில பேர் கொண்டுவந்து வைக்கும் பார்சலை விரல் படாமல் புரட்டிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அதே தடியால் மேசையின் விளிம்புவரை தள்ளுவார். அது கீழே விழுவதற்குள் அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்னத் தபால் நிலையத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். சின்னமனூரில் நாலு வயல் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் கிடைத்த சர்க்கார் வேலை. வீட்டில் எல்லாருக்கும் அதில் பெருமை. போஸ்ட் மாஸ்டரை ஊரே மெச்சியது. கை சுத்தமானவர். யாரிடமும் ஒரு வாழைத்தார் வாங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. தபால் விதிப் புத்தகத்துக்குக் காக்கித் துணியில் உறை தைத்துப் போட்டு, குளித்துவிட்டு வந்துதான் தொடுவார். அவர் மட்டும் லஞ்சம் வாங்குகிறவராகவோ கத்துகிறவராகவோ இருந்திருந்தால் அவரை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பார்சலுக்கான விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டித் துணியில் பொதிந்து நெருக்கமாகத் தைக்க வேண்டும். தையலின் மேல் இடம் விட்டு இடம் அரக்கு வைத்து, எல்லாவற்றிலும் ஒரே முத்திரையைக் குத்த வேண்டும். காசையோ சட்டைப் பொத்தானையோ அழுத்தி முத்திரை என்று சொல்லக்கூடாது. பெறுபவர் விலாசம் நடுவில் தெளிவாக இருக்க வேண்டும். அனுப்புகிறவர் பேரும் ஊரும் இடது பக்கம் கீழே. பஸ்ஸிலும் ரயிலிலும் மூட்டையோடு மூட்டையாக உருண்டு போகிற பொருள் வழியில் பிரிந்துவிடாமல் இருக்கவும், ஆள் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து சேரவும் வேண்டுமே, அதற்காக யாரோ யோசித்து எழுதியவை. அந்த விதிகள் எங்கள் ஆபீசில் யாருக்கு எந்த அளவுக்கு நீண்டன என்பதுதான் விஷயம்.

சுருளிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். நடவு வேலைக்குப் போகிறவள். ஒரே மகன் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த தெருக்காரர்கள் எங்கள் ஆபீஸ் படியேற மாட்டார்கள். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் அவளும் படிக்குக் கீழேயே நின்று, வாசலை ஒட்டிப் போட்டிருந்த மேசைமேல் எட்டிப் பார்சலை வைத்தாள். உள்ளே பொரிவிளங்காய் உருண்டைகள். வறுத்த மாவும் கருப்பட்டியும் வாசனையடித்தன.

முதல் நாள், தையல் இளக்கமாக இருக்கிறது என்று தடி பார்சலைத் தள்ளியது. அவள் திரும்ப நடந்து போய், இரண்டு நாள் கழித்து, எறும்புகூட நுழைய முடியாதபடி தைத்துக்கொண்டு வந்தாள். அரக்கில் காலணாக் காசை அழுத்தியிருந்தாள். ஆகாது. மூன்றாம் தடவை யாரிடமோ கெஞ்சி ஒரு பித்தளை முத்திரையை வாங்கிக் குத்திக்கொண்டு வந்தாள். முதல் நாளே இரண்டு விதியையும் சொல்லியிருக்கலாம். எனக்கும் இரண்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தடவை பார்சலை ரூல் தடி இரண்டு முறை புரட்டியது. குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. விலாசம்தான் பாக்கி. அவளுக்கு எழுதத் தெரியாது. மகன் அனுப்பிய கடிதத்து உறையை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். போஸ்ட் மாஸ்டர் என் பக்கம் கண்ணைக் காட்டினார்.

பட்டாளத்துக்காரன் விலாசத்தில் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது. நம்பர், பேர், கம்பெனி, ராணுவத் தபால் நிலையத்தின் எண், அவ்வளவுதான். எதிரிக்குத் தெரிந்துவிடக்கூடாதாம். அதை எழுதி முடித்து, இடது மூலையில் அவள் பேரையும் ஊரையும் எழுதிப் பேனாவை எடுத்தேன்.

"பேரும் ஊரும் போட்டா ஆச்சா?" என்றார் போஸ்ட் மாஸ்டர். "இந்தப் பேருல அங்கன பத்துப் பேரு இருப்பாளுக. பார்சல் திரும்பி வந்தா எங்கன போய்த் தேடுறது? என்ன ஆளுகன்னு போடும். எந்தத் தெருன்னும் போடும்."

அன்று காலையில்தான் ஒரு பெரிய பண்ணைக்காரருடைய ஏலக்காய்ப் பார்சலை நான் வாங்கி வைத்திருந்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் இரண்டு இனிஷியலும் ஊர்ப்பெயரும்தான் இருந்தன. போஸ்ட் மாஸ்டர் அதைத் தன் கையாலேயே பையில் போட்டார். புத்தகத்தில் பேரும் விலாசமும் என்றுதான் இருக்கிறது என்பதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயத்தால் எழுதியதாகப் பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது பொய். அந்த நேரத்தில் அது எனக்கு வெட்டி வேலையாகப் பட்டது, தப்பாகப் படவில்லை. எங்கள் வீட்டில் பானை, கயிறு என்பதுபோல் நாளுக்குப் பத்துத் தடவை புழங்கிய வார்த்தை அது. அதையே இங்கிலீஷ் எழுத்தில், எல்லாவற்றையும்விடக் கொட்டையாக, இடம் நிறைய எழுதினேன்.

மை காயும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "எம் பேரும் இதுல இருக்கா சாமி?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். துணியைத் தொடாமல் விரலை நீட்டி, "இந்தா, நீளமா இருக்கே, இதுதானே எம் பேரு?" என்றாள். அவள் காட்டியது அந்தச் சாதிப் பெயரை. விளக்கிச் சொல்லச் சோம்பல். "ஆமா" என்றேன். "எம்புட்டு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரசீதை முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பூட்ஸ் சத்தம் படியேறி உள்ளே வந்தது. காக்கி உடுப்பில் ஒரு வாலிபன். தாயின் முகச்சாயல் அப்படியே இருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மடித்த துணியொன்றை மேசைமேல் விரித்தான். நான் எழுதிய துணி. மை கொஞ்சமும் மங்கவில்லை.

"இதை யாரு எழுதினது?"

போஸ்ட் மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல் என் பக்கம் கையைக் காட்டினார். "அவருதான் எழுதினாரு. விதிப்படிதான் எழுதியிருக்காரு."

அவன் கத்தவில்லை. "எட்டு மாசம் ஒரே தட்டுல தின்ன பயலுக சார்," என்றான். "நான் யாரு எவருன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. பார்சல் வந்ததும் நான்தான் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். எங்காத்தா புடிச்ச உருண்டைன்னு சொல்லித்தான் குடுத்தேன். நம்ம ஜில்லாக்காரன் ஒருத்தன் துணியை எடுத்து வாசிச்சான். வாசிச்சு மத்தவனுகளுக்கும் சொன்னான். வாயில போட்டதைத் துப்புனானுக சார். ஓடிப் போய் வாயைக் கொப்புளிச்சானுக. அதுக்கப்புறம் எந்தட்டைத் தனியா வச்சுட்டாக."

ஆபீசில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவன் என்னிடம் திரும்பினான். "அப்பிடி ஒரு விதி இருக்கா சார்? நீங்க சொல்லுங்க."

நான் போஸ்ட் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. "இருக்கு" என்றேன்.

"புஸ்தகத்தைக் காமிங்க. எனக்கு இப்ப வாசிக்கத் தெரியும்."

"ஆபீஸ் புஸ்தகம் வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுறதுக்கு இல்ல," என்றார் போஸ்ட் மாஸ்டர்.

அவன் தோள் பையிலிருந்து ஒரு சின்னப் பார்சலை எடுத்து வைத்தான். நெருக்கமான தையல், சரியான அரக்கு, சுத்தமான முத்திரை. கம்பெனியில் மலையாளத்துக்காரன் ஒருவன் மட்டும் துப்பாமல் மிச்ச உருண்டைகளை இவனோடு உட்கார்ந்து தின்றானாம். இப்போது வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்ட அவனுக்குத்தான் இந்தப் பார்சல். அனுப்புநர் மூலையில் வாலிபனே தன் கையால் எழுதியிருந்தான். பட்டாள நம்பர், பேர், ஊர். போஸ்ட் மாஸ்டரின் கை ரூல் தடிக்குப் போனது. "தெரு எங்க?" என்றார்.

"என்னை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே சார். திரும்பி வந்தா நீங்களே நடந்து வந்து குடுங்க."

தடி பார்சலைத் தொடுவதற்குள் நான் அதைக் கையில் எடுத்துத் தராசில் வைத்தேன், ரசீது போட்டேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை மெச்சுகிறார்கள். மெச்ச ஒன்றுமில்லை. காக்கிச் சட்டைக்கும் பூட்ஸுக்கும் பயந்தேன், அவ்வளவுதான். அவன் அம்மா வேட்டி கட்டிய மகனோடு வந்து படிக்குக் கீழே நின்றிருந்தால் என் கை நீண்டிருக்காது. ரசீதை வாங்கியவன் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லாததற்காக அவனை நான் மதிக்கிறேன்.

போஸ்ட் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு வழியனுப்பினோம். வாழ்த்து மடலை எழுதிப் படித்தவன் நான். 'விதி தவறாத உத்தமர்' என்று அதில் ஒரு வரி இருந்தது. கூட்டம் கை தட்டியது. எனக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. ஊர்ப் பேரும் தெருப் பேரும் மாறிவிட்டன. எண் போட்ட சீட்டை ஒட்டிப் பார்சல் அனுப்புகிறார்கள். என் நாக்கில் மட்டும் அந்த 'இருக்கு' அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட மோசமான ஒன்றையும் அதே நாக்குதான் சொன்னது.

மகன் லீவு முடிந்து போன சில மாதத்தில் அந்த அம்மாள் மறுபடி வந்தாள். கையில் மகனுடைய கடிதம். படிக்கச் சொன்னாள். சுகமாக இருப்பதாகவும், எதுவும் அனுப்ப வேண்டாம், எல்லாம் இங்கேயே கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தான். முடித்ததும் அவள் போகாமல் நின்றாள்.

"லீவுல வந்தப்பவும் இதையேதான் சொன்னான் சாமி. ஏன்யான்னா பேச மாட்டேங்கறான். அப்ப அனுப்புனது கெட்டுப் போச்சோ?" என்றாள். கொஞ்சம் யோசித்து, தானே தொடர்ந்தாள். "பொரிவிளங்கா ஆறு மாசம் போட்டு வச்சாலும் கெடாதே. ஈரக் கையோட புடிச்சுட்டேனோ என்னமோ. பட்டாளத்துல எல்லாரும் தின்னுருப்பாக. எம் புள்ளைக்குத் தலைகுனிவாப் போச்சோ?"

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. பக்கத்தில் போஸ்ட் மாஸ்டர்கூட இல்லை, சாப்பிடப் போயிருந்தார்.

"இருக்கும்," என்றேன். "தூரம் ஜாஸ்தி இல்லையா."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாள்.