தங்கையின் சரியான நிறம்

டோல்கேட் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வரன் பார்க்கப் பெண்ணின் படம் எடுத்தால், யாரும் கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில் தர்மம். என் தங்கை படத்தையும் அப்படித்தான் கொடுத்தேன். அதை நம்பி ராயபுரத்திலிருந்து வந்தவர்கள், காபியைக் குடித்தபடி அவளையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை சொன்னாளே ஒரு வார்த்தை: "போட்டோல கீற பொண்ண வரச் சொல்லுங்க!"

அவர்கள் போனதும் தங்கை அழவில்லை. "இனிமே என்ன மாதிரியே கீற போட்டோ குடு. இல்லாங்காட்டி குடுக்காத" என்றாள்.

எனக்கும் ரோஷம் வந்தது. கணினித் திரையின் நிறத்தை அளந்து திருத்தும் கருவி ஒன்று வாங்கினேன். மவுஸ் அளவுதான் இருக்கும். திரைமேல் தொங்கவிட வேண்டும். கூடவே வண்ணக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டை. முதல் படத்துக்குத் தங்கை அதை நெஞ்சுக்கு நேரே, போலீஸில் பிடிபட்டவள் மாதிரி, பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டங்களை வைத்துக் கணினி அடுத்தடுத்த படங்களின் நிறத்தைச் சரிசெய்தது. பிரிண்ட்டை அவள் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்! "இதாண்ணா நானு" என்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

படம் தரகர் மூலம் திருவொற்றியூருக்குப் போனது. மாப்பிள்ளையின் தாயார் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. போட்டோன்னா எப்பவுமே வெளுப்பா தான காட்டுவாங்க? அதுலயே இந்தக் கலருன்னா, பொண்ணு நேர்ல எப்டி கீதோ!"

"நேர்லயும் இதே கலருதாம்மா!" என்று நான் குறுக்கே கத்தினேன்.

"போட்டோ புடிச்ச அண்ணன் வேற இன்னா சொல்வாரு?" என்று வைத்துவிட்டார்.

அட கஷ்டகாலமே! ஊரே வெளுப்பாக்கி நீட்டுகிறது, பார்க்கிறவர்கள் அந்த வெளுப்பை மனசுக்குள் கழித்துக்கொள்கிறார்கள். உள்ளதை உள்ளபடி நீட்டியதற்கு என் தங்கையையே கழித்துவிட்டார்கள்.

அம்மா கருவியைக் கரித்துக்கொட்டினாள். "எவன் கேட்டான் இந்த மிஷின? பேஜாரு புடிச்சது! பழையபடி கொஞ்சம் வெளுப்பு ஏத்தி அனுப்புடா நைனா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. படத்தைத் திறந்து மவுஸைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து தங்கை சொன்னாள்: "ஏத்துண்ணா, நல்லா ஏத்து. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு அந்தப் போட்டோவுக்கே பொடவ கட்டி ஒக்கார வெச்சுடு. நான் எப்பவும் போல வேலைக்குப் போறேன்."

நான் கணினியை அணைத்தேன்.