தம்பி எட்டாவதாக எழுதிய அணி

என் தம்பி இந்திரகுமார் டண்டினோங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை செய்தான். அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கதைக்க மாட்டான். கதைப்பதெல்லாம் பேஸ்போல்தான். 1975இல் ஊரிலிருந்து கடல் கடந்து, நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் மாதமே, பக்கத்து மைதானத்தில் அந்த விளையாட்டைக் கண்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, இஞ்சை வெள்ளைக்காரர் எல்லே விளையாடுறாங்கள்!"

எல்லே என்பது கம்பால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவரும் எங்கள் ஊர் விளையாட்டு. இந்திரன் அதில் கெட்டிக்காரன். அவன் அடித்த பந்து ஒருமுறை கோயில் கேணிக்குள் போய் விழுந்ததாகச் சொல்வார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் பழகப் போனவள். அதை நேரில் காணவில்லை. ஆனால் சொன்னவர்கள் பொய் சொல்லும் ஆட்கள் இல்லை.

அந்தக் கழகத்தில் சேர்ந்தான். முதல் குளிர்காலம் முழுவதும் பயிற்சிக்குப் போனான். மட்டைகளைச் சுமந்தான், மழை பெய்த நிலத்தை வாரினான், தன் தோல் கையுறைக்கு எண்ணெய் பூசி வைத்தான். ஓர் ஆட்டத்தில்கூட அவனை இறக்கவில்லை. சும்மா நின்ற நேரத்தில் மற்ற அணிகளைக் கவனித்தான். யார் வேகமாக எறிவான், யாருக்கு முழங்கால் சரியில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஓர் ஆட்டக்காரர் பேர்த்துக்கு மாறிப் போக, ஓர் இடம் காலியானது. அது உனக்குத்தான் என்று பயிற்சியாளர் கென் அவனிடம் சொல்லியிருந்தார். கழகத்துச் சேர்ட்டை அவன் தோளுக்கு அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். முதுகில் இலக்கத்தைத் தைக்க மட்டும் அவன் விடவில்லை.

"இன்னும் பேர் வாசிக்கேல்லை அக்கா. வையுங்கோ."

பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கழகத்தார் குடும்பத்தோடு கூடி, வெளியே இறைச்சி வாட்டிச் சாப்பிடுவார்கள். அன்று ஆட்டக்காரர் ஒவ்வொருவரும், தங்கள் பிரிவிலுள்ள எட்டு அணிகளும் எந்த வரிசையில் முடியும் என்று கரும்பலகையில் எழுத வேண்டும். அதன்பிறகே கென் ஒன்பது பேரின் பெயரை வாசிப்பார். நான் ஒரு தட்டு மீன் ரோல்ஸோடு போயிருந்தேன்.

எல்லோரும் தங்கள் அணியையே முதலில் எழுதியிருந்தார்கள். இந்திரன் கோணல் இல்லாத எழுத்தில், மற்ற ஏழு அணிகளையும் ஒவ்வொன்றாக யோசித்து எழுதினான். எட்டாவது இடத்தில் எங்கள் அணி.

"இண்டி, பலகையைத் தலைகீழாப் பார்க்கிறாயா?" என்று ஒருவன் ஆங்கிலத்தில் கத்தினான். இந்திரனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னொருவன், "முதலாவதா வாறவங்களிட்டயே போய்ச் சேர்ந்துகொள்" என்றான்.

கென் சிரிக்கவில்லை. "எங்களைக் கடைசியிலா போட்டாய்?"

இந்திரன் என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. அவனுடைய எஸ்.எஸ்.சி. சோதனை மறுமொழி வரும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் அம்மா, "உவன் எங்கை பாஸ் பண்ணுறது?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டதை வாயால் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுப் பயம். அவன் நன்றாகவே சித்தியடைந்தான்.

நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் இதைக் கென்னுக்குச் சொன்னேன். இறைச்சி பிரட்டும் இடுக்கியைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். நல்ல மனிதர்தான்.

"அது உங்கட ஊரில். இங்கே சத்தமாகச் சொன்னால்தான் பெடியன்கள் ஓடுவாங்கள்." அழிப்பானை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "அழித்துவிட்டு எங்களை மேலே போடு. இடம் உன்னுடையது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்: "எழுதடா தம்பி. வாயாலை சொல்லேல்லைத்தானே, வெண்கட்டியாலைதானே எழுதுறாய்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "எங்கடை அணி வெல்லவேணும் அக்கா" என்று சொல்லி, அழிப்பானைப் பலகையின் கீழே வைத்துவிட்டான்.

கென் வாசித்த ஒன்பது பேரில் அவன் பெயர் இல்லை. வங்கியில் வேலை செய்த செம்பட்டை முடிக்காரன் ஒருவனுக்கு அந்த இடம் போனது.

அதற்காக அவன் ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பி வேலியோரம் நின்றான். வலப்பக்க மூலைக்குப் பந்து உயர்ந்து வரும்போதெல்லாம், உள்ளே நின்ற செம்பட்டைக்காரனுக்கு முன்னரே இவன் கால் இரண்டடி நகரும். நான் சேர்ட்டை மடித்து, இலக்கத் துணியையும் குண்டூசிகளையும் அதன் மேல் வைத்திருந்தேன்.

செப்டெம்பரில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ரயிலில் அவனோடு நானும் போனேன். அவன் மடியில் கையுறை. விரல்களால் அதன் குழியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, இண்டைக்கு வெல்லுவாங்களோ?"

"எங்கை அக்கா. தோத்துப்போவாங்கள்."

யன்னலுக்கு வெளியே ஒரு மைதானம் வந்தது. அது மறையும்வரை திரும்பிப் பார்த்தான்.

"வாற வருசம் உன்னை இறக்குவாங்களோ?"

"என்னை எங்கை இறக்கப் போறாங்கள்" என்றான், குரல் இறங்கி.

அவனை நான் வளர்த்தவள். தான் ஆசைப்படாத ஒன்றைப் பற்றி அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தோன்றியது வேறு. ஆனால் சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள்.

"ஓம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "உன்னை ஒருநாளும் இறக்க மாட்டாங்கள்."