சிப்பி டிரம்மில் வந்த உறை

கடலோரக் கழிவுநீர் நிலையத்தில் அவளை எல்லோரும் ஜாடி அக்கா என்றே கூப்பிடுவார்கள். காற்று ஊதும் தொட்டியிலிருந்து கண்ணாடி ஜாடியில் தண்ணீர் மொண்டு ஜன்னலோரம் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். அது வெறும் சேறல்ல. ஊர் அழுக்கைத் தின்று தீர்க்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். பிள்ளையில்லாத அவள் அவற்றைத்தான் "பிள்ளைங்க" என்பாள்.

தெளிந்த தண்ணீர் போய்ச் சேருவது அவள் கணவனின் கடலில். அவன் அங்கே கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறான். காலையில் போனில் அவன் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"வயிறு முட்ட!"

"கொடுத்து வச்சவங்க. எனக்கு நேத்து மிஞ்சினதுதான்."

அந்த வருடம் சிப்பி நன்றாகப் பருத்திருந்தது. அறுவடைக்கு நாலு நாள் இருக்கையில் வானம் பொத்துக்கொண்டது.

மழைநீர் சாக்கடையில் கலந்து நிலையத்துக்குள் திமுதிமுவென்று புகுந்தது. அப்படி வந்தால் பக்க மதகைத் திறந்து, மிஞ்சின வெள்ளத்தை நேரே கடலுக்கு விட வேண்டும். விடாவிட்டால் அது தொட்டியிலிருக்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போய்விடும். விட்டாலோ, அந்த வருடச் சிப்பியை ஒருவரும் தொட மாட்டார்கள்.

"அக்கா, திறக்கட்டுமா?" மெக்கானிக் மதகுச் சக்கரத்தைப் பிடித்தபடி கேட்டான்.

"கொஞ்சம் பொறுப்பா. வானம் வெளுக்குது."

"வெளுக்குதா? எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, உங்களுக்கா?"

அவள் பொறுத்தாள். வானம் வெளுக்கவில்லை. பழுப்புச் சேறு அடித்துக்கொண்டு போய்த் தொட்டிதான் வெளுத்தது. பதறிப்போய் அவளே சக்கரத்தைச் சுற்றினாள். கடலும் கெட்டது, பிள்ளைகளும் போனார்கள்.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் யாரும் சிப்பி எடுக்கக் கூடாதென்று கயிறுகளில் சிவப்புக் கொடி கட்டிவிட்டு, சொட்டச் சொட்ட வீடு வந்தான். சமையலறை மேசையில் அவள் நிலையத்திலிருந்து கொண்டுவந்த ஜாடி இருந்தது. முழுக்கக் கலங்கல்.

"அடியில ஒண்ணுமே இல்லையே?"

"எல்லாம் போயிடுச்சுங்க. திரும்ப வளர நாளாகும். அதுவரைக்கும் உங்க கடலுக்கு அழுக்குதான்."

"எனக்காகத்தானே திறக்காம இருந்தே?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அட பைத்தியமே! நல்ல தண்ணி ஓடினா மிச்சமிருக்கற குஞ்சுச் சிப்பி தானா தேறிடும். உன் பிள்ளைங்க இல்லாம நல்ல தண்ணிக்கு நான் எங்கே போவேன்?"

"பாலுக்கு உறை மாதிரி, கொஞ்சம் நல்ல சேறு கிடைச்சா போதும். பக்கத்து ஊர் நிலையத்துல தர்றேன்னாங்க. பாலம் உடைஞ்சு கிடக்கு, லாரி வராதாம்."

"சுத்து வழியில என் குட்டி வண்டி போகும்."

"எதுலங்க எடுத்துட்டு வருவீங்க?"

அறுவடைக்கென்று கழுவிக் கவிழ்த்திருந்த புது நீல டிரம்களை அவன் பார்த்தான்.

"ஐயோ! அப்புறம் அதுல சிப்பி போட முடியாதே!"

"இந்த வருஷம் போடறதுக்கு என்ன இருக்கு? கிளம்பு, வழி காட்டு."

மறுநாள் அந்த டிரம்களிலிருந்து சேற்றைத் தொட்டியில் ஊற்றினார்கள். தொட்டி மெல்லத்தான் தேறியது. ஒரு காலை, ஜன்னலோர ஜாடியில் பழுப்புச் சேறு பஞ்சு போல இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. அவள் போனில் அழைக்க, அவன் படகிலிருந்து அப்படியே ஓடிவந்தான். குனிந்து உற்றுப் பார்த்தான்.

"யார் மாதிரி இருக்காங்க?"

"நிறம் அப்படியே நீங்கதான்" என்றாள் அவள்.