வெறும் மாத்திரை

பேராசிரியைக்குப் பொய் சொல்ல வராது. வாய் ஒன்று சொன்னால் முகம் வேறொன்று சொல்லும். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு உன்னப் பாத்துதான் சொல்லி வச்சிருக்காங்க" என்று அண்ணன் கிண்டலடிப்பார். வாயில் நுழையாத மருந்துப் பெயர்களை அவர் தப்புத் தப்பாகக் கேட்க, இவள் திருத்தித் திருத்தியே கல்லூரிப் பரீட்சைகளைத் தாண்டினாள். பிறகு அதே கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுக்க வந்து, தலைமுடி நரைக்கும்வரை மாணவர்களோடு வார்டு வார்டாக நடந்தாள்.

ஓய்வு பெறும் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு புது மாத்திரை. வழக்கமான மருந்துகளோடு பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே போன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புட்டிகளை நிரப்பி எண் ஒட்டும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கோ நோயாளியின் பெயர் தெரியாது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவள் வீட்டுக்கு வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் ஆராய்ச்சியில நானும் சேந்துட்டேன், புரொபசரம்மா. நீ என் தங்கச்சின்னு அங்க மூச்சு விடல. இத சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து மாடிப்படி ஏற முடியுது. எல்லாம் உன் கைராசி."

எண்ணைப் பார்த்தாள். வெறும் மாத்திரை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆராய்ச்சிக் குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "அவருக்கு வேண்டிய மத்த மருந்தெல்லாம் போயிட்டுதான் இருக்கு. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும், மேடம்" என்றார். வாயை மூடிக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது? அண்ணன் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள். போனில் முகம் தெரியாது. "வேலை தலைக்கு மேல இருக்குண்ணா" என்று போனிலேயே காலத்தைத் தள்ளினாள். மழைக்காலத்தில் ஒரு விடியலில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்கப்புறம் முடிவு வெளிவந்தது. புது மாத்திரையும் வெறும் மாத்திரையும் ஒன்றுதான், எள்ளளவும் வித்தியாசமில்லை. "அந்த மருந்தே கிடைச்சிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது, மனசத் தேத்திக்குங்க" என்றார் தலைவர். அந்த ஆறுதலைத் தூக்கிக்கொண்டு அன்று மாலையே அண்ணியிடம் ஓடினாள், மனசில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். அந்த வீட்டில் அவள் காலடி பட்டே மாதக்கணக்காகியிருந்தது, சாவுக்கு வந்ததைத் தவிர.

அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மருந்து கெடக்கட்டும். அதெல்லாம் எனக்குப் புரியாது. அவ ஏன் வர்றதே இல்ல, என் மேல ஏதாச்சும் கோபமானு தினமும் என்கிட்டத்தான் கேப்பார். நான் என்னத்தச் சொல்ல? தெரியலைங்கன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னேன்."